தட்டில் எல்லாம் சரியாக இருந்தது

உலகத்தில் ஊர்கள் பல உண்டு. நெல் விளையும் ஊர், உப்பு விளையும் ஊர், வம்பு மட்டுமே விளையும் ஊர் என்று வகைக்கு ஒன்றாகச் சொல்லலாம். ஆனால் உள்ளே புதைந்து கிடப்பதை வெளியே கொண்டுவருவதற்கென்றே நிறுவப்பட்ட பெருமை நெய்வேலிக்கு உண்டு. எங்கோ அடியாழத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் பழுப்பு நிலக்கரியை, மேலே கிடக்கும் மண்ணை மலைமலையாக வாரிக் கொட்டிவிட்டு எடுத்து வந்து விளக்கெரிப்பவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அப்படிப்பட்ட ஊரில், ஒரு நாய்க்குட்டியின் தொண்டையில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு தலைவர், ஒரு துணைத்தலைவர், ஒரு செயலாளர், ஓர் அவசரக் கூட்டம், அதில் ஒரு தீர்மானம் ஆகிய அனைத்தும் தேவைப்பட்டன என்றால் அது ஊரின் குறையல்ல. தலைவரின் மகிமை.

தலைவர் பெயர் சங்கரலிங்கம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து, குவார்ட்டர்ஸ் கிடைத்து, வாசலில் மாமரமும் கொல்லையில் முந்திரியுமாக இந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டவர். வேலை நிலக்கரி நிறுவனத்தின் உதிரிப்பாக ஸ்டோர்ஸில். அங்கே அவர் கற்றுக்கொண்ட வேதம் ஒன்றே ஒன்று: காலி இடம் கண்ணில் படக்கூடாது. ரேக்கிலிருந்து ஒரு பேரிங் போனால் அந்த இடத்தில் அடுத்த பேரிங் வந்து உட்கார்ந்துவிட வேண்டும். அலுவலகத்தில் இது நல்ல பழக்கம். அதற்காகப் பாராட்டும் வாங்கியிருக்கிறார். வீட்டில்தான் கொஞ்சம் அளவு மீறியது. சோப்பு கரையும் முன்பே பக்கத்தில் புதுச் சோப்பு வந்து காத்திருக்கும். ஊறுகாய் ஜாடியில் அடி தெரிந்தால் மனிதருக்கு முகம் வாடிவிடும்.

மகன் ஜெயகணேஷ் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போனபோது வீட்டில் ஒரு பெரிய இடம் காலியானது. அதை நிரப்ப எந்த ஸ்டோர்ஸிலும் பொருள் இல்லை. சங்கரலிங்கமும் அவர் மனைவி அகிலாவும் சில மாதம் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒருநாள் மந்தாரக்குப்பம் கடைத்தெருவிலிருந்து அகிலாவின் ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே ஒரு செவலைக் குட்டி ஓடி வந்தது.

முதலில் கேட்டுக்கு வெளியே ஒருவேளைச் சோறு, அதாவது 'கான்ட்ராக்ட்'. பிறகு வராந்தாவில் சாக்கு. அப்புறம் சோபாவில் இடம். ஒரே வாரத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டதால் அதற்கு 'பர்மனென்ட்' என்று பெயர் வைத்தார் சங்கரலிங்கம். அகிலா 'பர்மி' என்று சுருக்கிக் கூப்பிட்டாள்.

"என் மச்சான் வருசக்கணக்கா கான்ட்ராக்ட்லயே இருந்துகினு இருக்கான் சார். உங்க நாயி வந்த வாரமே பர்மனென்ட் ஆயிட்டுது. எந்த மினிஸ்டர் சிபாரிசு?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுத் தனகோடி. அவர் சுரங்கத்தில் பெரிய இயந்திரம் ஓட்டுபவர். மண் மலையை அசைப்பவர் என்பதால் பேச்சில் தயக்கம் கிடையாது.

குட்டி வந்ததும் சங்கரலிங்கத்துக்குப் பொறுப்பு வந்தது. பொறுப்பு வந்ததும் சங்கம் வந்தது. 'வட்டச் செல்லப்பிராணிப் பாதுகாப்பு விழிப்புணர்வுச் சங்கம்.' இந்த ஊரில் பிளாக்குக்கு 'வட்டம்' என்று பெயர். எங்கள் வட்டத்தில் அப்போதிருந்த செல்லப்பிராணிகள் சில நாய்கள், ஒரு கிளி, யாருக்கும் சொந்தமில்லாத பூனைகள். இவர்களுடைய பாதுகாப்புக்கு ஒரு தலைவரும், துணைத்தலைவராகத் தனகோடியும், செயலாளராகக் கணக்குப் பிரிவு அம்சவல்லியும் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். போட்டியிட வேறு ஆளும் இல்லை. சங்கத்துக்கு வாட்ஸப் குழு உண்டு. குழுவில் காலை வணக்கம் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சமுதாயக் கூடத்தில் நடந்த நிகழ்ச்சியை வரலாறு மறக்காது. சங்கரலிங்கம் மறக்க நினைத்தாலும் அகிலா விடமாட்டாள். தலைப்பு: 'உங்கள் நாய்க்குட்டி எதையாவது விழுங்கிவிட்டதா?' மேடையில் வெள்ளைத் துணி விரித்த மேசை. மேசை மேல் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டு. தட்டில் ஆபத்தான பொருள்கள் அழகாக அடுக்கப்பட்டிருந்தன: ஊசி நூல், மாங்கொட்டை, திராட்சை, சாக்லேட், ஒரு ரூபாய் நாணயம், கோழி எலும்பு, எலி மருந்துப் பாக்கெட், நடுநாயகமாக ஒரு வட்டப் பேட்டரி. கார் சாவியிலும் எடைபார்க்கும் மிஷினிலும் போடுவோமே, பொத்தான் மாதிரி பளபளப்பாக, அது.

"பதற்றம் கூடாது. இது முதல் விதி. வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது, தொண்டைக்குள் விரலை விடக் கூடாது. இது இரண்டாவது. வீட்டில் எது குறைகிறது என்று பார்க்க வேண்டும். கடைசியாக, நேராக டாக்டரிடம் போய், குறைந்தது எது என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். இதில் ஒரு நிமிடம் தாமதிப்பவனையும் நான் மனிதன் என்றே சொல்ல மாட்டேன்!" என்று முழங்கினார் சங்கரலிங்கம். கைதட்டலில் கிளி பயந்து கூண்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பறந்தது.

"தலைவரே, தட்டுல இருக்கறதுல எது ரொம்ப டேஞ்சர்?" என்று முன்வரிசையிலிருந்து கேட்டார் தனகோடி. கேட்கச் சொல்லி முந்தின நாளே அவரிடம் சொல்லி வைத்திருந்தார் தலைவர்.

சங்கரலிங்கம் பேட்டரியை இரண்டு விரலால் தூக்கிச் சபைக்குக் காட்டினார். "இது! பார்க்கச் சாது. தொண்டையில் சிக்கினால் எரித்து ஓட்டை போட்டுவிடும். மணிக்கணக்கில் காத்திருக்கவே முடியாது."

சபை சிலிர்த்தது. அகிலா மட்டும், "வீட்டுக்குப் போனதும் தட்ட உயரத்துல வைங்க," என்று வழியில் சொன்னாள். பாதுகாப்பு நிபுணருக்கே பாதுகாப்புச் சொல்கிறாளே என்று தலைவர் மனத்துக்குள் சிரித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் தட்டை டீப்பாயின் மேல் வைத்தார். உயரம்தான். பர்மியின் மூக்குக்குச் சரியான உயரம். அகிலா எலி மருந்தை மட்டும் எடுத்துப் பூட்டி வைத்துவிட்டு, கொல்லையில் துணி எடுக்கப் போனாள். சங்கரலிங்கம் சோபாவில் சாய்ந்து வாட்ஸப்பில் வந்த பாராட்டுகளைப் படித்தார். 'அருமை அண்ணா', 'கண் திறந்தது', 'இப்படி ஒருவர் நம் வட்டத்தில் இருப்பது நாம் செய்த பாக்கியம்'. தன் பேச்சின் வீடியோவும் வந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அதை முழுக்கப் பார்த்தார். 'தாமதிப்பவனையும் நான் மனிதன் என்றே சொல்ல மாட்டேன்' என்ற இடத்தை இன்னொரு முறை ஓடவிட்டார். குரல் நன்றாகத்தான் வந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் தட்டு தரையில் விழுந்து உருண்டது.

தலைவர் பாய்ந்தார். மாங்கொட்டை சோபாவுக்கடியில் கிடந்தது. ஊசி மிதியடி மேல். திராட்சையும் சாக்லேட்டும் அப்படியே. எலும்பு, நாணயம் எல்லாம் அகப்பட்டன; ஒவ்வொன்றையும் எடுத்துத் தட்டில் அதனதன் இடத்தில் வைத்தார். பேட்டரியைக் காணவில்லை. பர்மி மூலையில் உட்கார்ந்து கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கியது. ஒருமுறை கக்கென்று இருமியது. பிறகு, தான் ஒன்றும் செய்யவில்லை என்கிற முகத்தோடு தலைவரைப் பார்த்தது.

இங்கேதான் ஒரு சாதாரண மனிதனுக்கும் சங்கரலிங்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். சாதாரண மனிதன் என்றால் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான். சங்கரலிங்கத்தின் கண்ணில் முதலில் பட்டது தட்டின் நடுவே இருந்த காலி இடம். அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் கை தானாக வேலை செய்தது. சுவர் ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தார். அதைப் பிளந்து உள்ளே இருந்த பேட்டரியை நெம்பி எடுத்தார். அதே அளவு, அதே பளபளப்பு. தட்டில், இருந்த இடத்திலேயே வைத்தார். சாவியை மூடிச் சட்டைப்பையில் போட்டார்.

ஸ்டாக் சரியாகிவிட்டது. நாய்க்குட்டிதான் பாக்கி.

'முழுங்கியிருக்காது, எங்கேயாவது உருண்டு போயிருக்கும்,' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டார்ச் அடித்து பீரோவுக்கடியில் பார்த்தார். ஜெயகணேஷ் சின்ன வயதில் தொலைத்த பம்பரம் கிடைத்தது. பேட்டரி கிடைக்கவில்லை.  காலையில் வட்டமே கைதட்டிய ஆள், மாலையில் அதே வட்டத்தின் வாயில் விழுவதா? அதை நினைக்க நினைக்க, உருண்டு போயிருக்கும் என்ற நம்பிக்கை அவருக்குள் பலப்பட்டுக்கொண்டே வந்தது.

துணிக்கூடையோடு அகிலா உள்ளே வந்தாள். "என்னங்க, பர்மி ஏன் இப்படி எச்சில் ஒழுக்குது?"

"வெயில்."

"ஃபேன் காத்துல என்ன வெயில்? தட்டு விழுந்த சத்தம் கேட்டுதே. எல்லாம் இருக்கா, பாத்தீங்களா?"

"எல்லாம் சரியா இருக்கு. நீயே பாரு."

அகிலா பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்தக் கணத்தில் தலைவருக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

பர்மி எழுந்து இரண்டடி நடந்து, வெள்ளையாக நுரை கக்கிவிட்டுத் தரையில் படுத்துவிட்டது. வாலைக்கூட ஆட்டவில்லை.

"எதையோ முழுங்கியிருக்கு. கெளம்புங்க டாக்டர்ட்ட," என்றாள் அகிலா.

டாக்டரிடம் போனால் என்ன கேட்பார் என்று தலைவருக்குத் தெரியும். அவரே காலையில் சொல்லிக்கொடுத்ததுதான். 'எது குறைகிறது?' அந்தக் கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்லும் துணிவு அவரிடம் இல்லை. தனியாகச் செய்ய முடியாததைச் செய்யத்தானே சங்கம்? போனை எடுத்தார். 'அவசரக் கூட்டம். இடம்: தலைவர் இல்லம். பொருள்: விழுங்கியிருக்கலாம் எனக் கருதப்படும் சம்பவம்.'

"கூட்டமா?" என்றாள் அகிலா. அவ்வளவுதான் கேட்டாள்.

தனகோடி லுங்கியோடு வந்தார். அம்சவல்லி குறிப்பு எழுதப் பேனாவோடு வந்தார். மூன்று பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு துண்டின் மேல் 'சம்பந்தப்பட்ட' நாய்க்குட்டி படுத்திருந்தது. தலைவர் வரவேற்புரை ஆற்றினார். அதைச் சுருக்கமாக ஆற்றினார் என்பதைப் பதிவு செய்வது நம் கடமை.

"மொதல்ல ஒரு சந்தேகம் சார். முழுங்கிட்டுதுன்னு எழுதறதா, முழுங்கியிருக்கலாம்னு எழுதறதா?" என்று கேட்டார் அம்சவல்லி.

"முழுங்கியிருக்கலாம். 'லாம்' முக்கியம்," என்றார் தலைவர் அவசரமாக.

"எழுதிக்கினேன்."

"இதுக்கு எதுக்கு சார் எழுத்து? வாயத் தொறந்து ஒரு சொம்பு உப்புத்தண்ணி ஊத்துனா உள்ள இருக்கறது தானா வெளிய வந்துடும். எங்க வூட்டு எருமைக்கு அப்படித்தான் ஊத்துனோம்," என்றார் தனகோடி.

"கூடவே கூடாது! விதி இரண்டு!" என்று எழுந்தே நின்றுவிட்டார் தலைவர். அன்று அவர் கடைப்பிடித்த ஒரே விதி அதுதான் என்பதால் அதைத் தனியாகப் பாராட்டிவிடலாம். "அந்த எருமை பொழைச்சுதா?"

"பொழச்சிது சார். அது ஒண்ணுமே முழுங்கலன்னு அப்புறந்தான் தெரிஞ்சிது."

அடுத்து 'தட்டு ஆய்வு' நடைபெற்றது. அம்சவல்லி கணக்குப் பிரிவுக்காரர். கண்ணால் பார்த்தாலும் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக்கொண்டே சொன்னார். "ஊசி இருக்குது. மாங்கொட்டை இருக்குது. திராட்சை, சாக்லேட்டு, எலும்பு, காசு இருக்குது. எலி மருந்து?"

"நான் அப்பவே எடுத்துப் பூட்டிட்டேன்," என்றாள் அகிலா, பர்மியின் வயிற்றைத் தடவியபடி.

"பேட்டரி... இருக்குது. காலையில பாத்த மாதிரியே பளபளன்னு இருக்குது. அப்போ தட்டுல எதுவும் கொறையல சார். எல்லாம் சரி."

"ஆக, சங்கத்தின் பொருள் எதையும் நாய் விழுங்கவில்லை," என்று தலைவர் தொகுத்துக் கூறினார். குரல் லேசாக நடுங்கியது. நடுங்கியதை உணர்ச்சிப்பெருக்கு என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

"அப்போ என்னாதான் முழுங்கிச்சி?" என்றார் தனகோடி.

தலைவரின் பார்வை ஜன்னல் வழியே போய், மதில் தாண்டி நின்ற பலாமரத்தில் இளைப்பாறியது. அது தனகோடி வீட்டு மரம். ஒரு கிளை மட்டும் இந்தப் பக்கம். "பலாக்கொட்டையா இருக்குமோ?" என்றார்.

அவ்வளவுதான், கூட்டம் களைகட்டியது.

"மரம் என்னுது சார், ஒத்துக்கறேன். ஆனா இந்தப் பக்கம் விழுந்த பழத்த நீங்கதான் துன்னீங்க. கொட்டைய யாரு போட்டது?"

"கொட்டை யாருதுன்னு எழுதறது?" என்றார் அம்சவல்லி, பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி.

"பழத்தின் உரிமை வேறு, கொட்டையின் பொறுப்பு வேறு," என்றார் தலைவர். அவருக்கே அதன் அர்த்தம் தெரியாது. ஆனால் இந்த வாக்கியத்தில் பேட்டரி இல்லை என்பது ஒரு பெரிய ஆறுதலாக இருந்தது. தனகோடிக்குக் கோபம் வந்தது. மதிலைத் தாண்டிய கிளையில் தொடங்கி, குழாய்த் தண்ணீர், தெருவை அடைத்து நிறுத்திய பைக் என்று பேச்சு பரந்து விரிந்தது. தலைவர் ஒவ்வொன்றையும் ஆர்வத்தோடு கிளறிவிட்டார். நடுவில் எங்கோ ஒரு ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. அது அன்றைய பொருள்நிரலில் இல்லாததால் சபை அதைக் கண்டுகொள்ளவில்லை.

கடைசியில் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: 'மேற்படி நாய்க்குட்டியைத் தலைவர் அவர்களின் காரில், சங்க நிர்வாகிகள் புடைசூழ, மருத்துவரிடம் கொண்டுசெல்வது.' எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, 'மேற்படி'யைத் தூக்கக் குனிந்தார்கள்.

துண்டு மட்டும் கிடந்தது.

"நாயக் காணோம்!" என்றார் தனகோடி.

"இத அதே தீர்மானத்துல சேத்துடறதா, தனியா எழுதறதா?" என்றார் அம்சவல்லி.

சமையலறையில் அகிலாவும் இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது. தலைவருக்கு விஷயம் புரிந்தது. காரை நோக்கி ஓடினார். சாவியை நீட்டிப் பொத்தானை அழுத்தினார். கார் கண் சிமிட்டவில்லை. மறுபடி அழுத்தினார். இன்னும் கிட்டத்தில் போய், கதவின் மேலேயே வைத்து அழுத்தினார். வட்டமே நம்பும் ஒரு பாதுகாப்பு நிபுணர், தன் காரின் முன்னால் நின்று சாவியைத் துவாரத்தில் விட்டுத் திறக்கலாம் என்ற நினைப்புகூட வராமல், செத்த பொத்தானையே விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்.

"பேட்டரி போயிட்டுதா சார்?" என்று பின்னாலிருந்து கேட்டார் தனகோடி, ஒன்றும் அறியாமல்.

அப்போது போன் அடித்தது. அகிலா. பதற்றத்தில் தலைவரின் விரல் எதிலோ பட்டு, அவள் குரல் வாசல் முழுக்கக் கேட்டது.

"மந்தாரக்குப்பத்துல டாக்டர் வீட்ல இருக்கேன். எக்ஸ்ரே எடுத்தாச்சு. டாக்டரம்மா பேசுதாங்க."

டாக்டர் சண்முகப்பிரியாவின் குரல் நிதானமாக வந்தது. "சார், தொண்டைக்குக் கீழ வட்டமா ஒண்ணு சிக்கியிருக்கு. குட்டி அசைஞ்சிட்டே இருக்கிறதால படம் தெளிவா விழல. காசாவும் இருக்கலாம், பேட்டரியாவும் இருக்கலாம். காசுன்னா நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி நிதானமா எடுத்துக்கலாம். பேட்டரின்னா இப்பவே மயக்க ஊசி போட்டு எடுத்தாகணும். ரொம்பச் சின்னக் குட்டி, மயக்கம் தாங்குமான்னு பயமாவும் இருக்கு. அதனாலதான் கேக்கறேன். உங்க வீட்ல பேட்டரி ஏதாவது குறையுதா?"

"குறையலியே டாக்டர். எல்லாம் சரியா இருக்குன்னு அவங்களே பாத்துச் சொன்னாங்க. நானும் பாத்தேனே," என்று அகிலாவின் குரல் பக்கத்திலிருந்து கேட்டது. அந்தக் குரலுக்குப் பின்னால் பர்மி சன்னமாக முனகியது. வழக்கமாகத் தலைவரின் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுப்பும் முனகல் அது. இப்போது பாதியிலேயே நின்றுவிட்டது.

தலைவர் வாயைத் திறந்தார். மூடினார். காலையில் மைக் முன்னால் மூச்சுவிடாமல் பேசிய வாய் அது. தனகோடியைப் பார்த்தார். அம்சவல்லியைப் பார்த்தார். மகன் போன பிறகு சத்தமில்லாமல் கிடந்த வீட்டை நினைத்தார். அந்தக் குட்டியும் போய்விட்டால் அந்த இடத்தில் எதைக் கொண்டுவந்து வைப்பது என்று நினைத்தார். 

"பேட்டரி," என்றார்.

"நிச்சயமாவா சார்?"

"நிச்சயமா. பேட்டரிதான். உடனே எடுத்துடுங்க டாக்டர்."

"சார், சார்!" என்று குறுக்கிட்டார் அம்சவல்லி. "பேட்டரி தட்டுல இருக்குதே. என் கையால தொட்டுப் பாத்தேனே. குறிப்புலகூட எழுதிக்கினேன்!"

"அது கார் சாவியில இருந்தது. நான்தான் எடுத்து வச்சேன்," என்று தலைவர் சாவியைப் பிளந்து காட்டினார். உள்ளே வட்டமாக ஒரு பள்ளம். காலியாக இருந்தது.

 போனில் அகிலா, "சரி. வைங்க," என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

தனகோடி ஒன்றும் கேட்காமல் பைக்கை எடுத்தார். "ஏறுங்க சார்," என்றார். தலைவர் செருப்பில்லாமல் பின்னால் உட்கார்ந்தார். வழி நெடுக அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. "தூசி," என்றார். "ஆமா சார், மைன்ஸ் தூசி," என்று ஒத்துக்கொண்டார் தனகோடி. பலாக்கொட்டைப் பழியை அதற்குள் மறந்துவிட்ட பெரிய மனசு அவருக்கு.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பர்மி மேசை மேல் கால் பரப்பிக் கிடந்தது. வயிறு மட்டும் ஏறி இறங்கியது. அது ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் தலைவருக்கு மூச்சு வந்தது. பக்கத்துக் கிண்ணத்தில் பேட்டரி இருந்தது. ஒரு பக்கம் கறுத்துப் போயிருந்தது.

"தொண்டையில புண்ணாயிருக்கு. ஆறிடும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஓட்டை விழுந்திருக்கும்," என்றார் டாக்டர் கையுறையைக் கழற்றியபடி. "உப்புத்தண்ணி அது இதுன்னு ஊத்தாம கொண்டுவந்தீங்க, அது நல்லதாப் போச்சு. படத்தப் பாத்து எனக்கே சந்தேகம். நீங்க எப்படி சார் அவ்வளவு தூரத்துல இருந்து பேட்டரின்னு அடிச்சுச் சொன்னீங்க?"

சங்கரலிங்கம் குனிந்து பர்மியின் காதைத் தடவினார்.

"அவங்க இதுல எக்ஸ்பர்ட் டாக்டர்," என்றாள் அகிலா. "காலையிலதான் லெக்சர் குடுத்தாங்க."

அந்த வாரம் முழுக்க அகிலா கணவரோடு நேராகப் பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் பர்மியிடம் சொன்னாள். "பர்மி, கஞ்சி ஆறிட்டு, குடுக்கச் சொல்லு." "பர்மி, மருந்து வேளை ஆச்சுன்னு சொல்லு." சங்கரலிங்கம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கரண்டி கரண்டியாகக் கஞ்சி ஊட்டினார். குட்டி ஒவ்வொரு வாயையும் நம்பி விழுங்கியது. அந்த நம்பிக்கைதான் அவரைக் கொன்றது. கார் சாவிக்குப் புதுப் பேட்டரி வாங்கவில்லை. கதவைச் சாவி விட்டே திறந்துகொண்டார். அவர் வாழ்க்கையில் காலியாக விட்டுவைத்த முதல் இடம் அது.

சங்கமோ வேறு மாதிரி நினைத்தது. நடந்ததை அம்சவல்லி குழுவில் எழுதினார். நல்ல மனுஷி, சாவி விஷயத்தைத் தவிர்த்துவிட்டு, 'தலைவர் அவர்கள் தொலைபேசியிலேயே துல்லியமாகக் கண்டறிந்து குட்டியின் உயிரைக் காத்தார்' என்று எழுதிவிட்டார். பக்கத்து வட்டங்களுக்கும் செய்தி பரவியது. 'படம் பார்க்காமலே சொன்னாராமே!' என்று வியந்தார்கள். மறுமாதமே ஒரு பாராட்டு விழா, பொன்னாடை, கூடவே அதே தலைப்பில் இன்னொரு சிறப்புரை. சங்கரலிங்கம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். தன்னடக்கம் என்று சொல்லி, பேனரில் அவர் படத்தை இன்னும் பெரிதாகப் போட்டார்கள்.

விழா நாளில் கூடம் நிறைந்து வழிந்தது. மேடையில் அதே மேசை, அதே வெள்ளைத் துணி, அதே தட்டு. இந்த முறை பேட்டரி இருந்த இடம் காலியாக இருந்தது. முன்வரிசையில் அகிலா உட்கார்ந்திருந்தாள். தட்டைப் பார்த்ததும் பர்மி அவள் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. பொன்னாடை போர்த்தப்பட்டது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அகிலா தட்டவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். நான்கு விதிகளையும் சொன்னார். குரலில் பழைய முழக்கம் இல்லை.

தனகோடி எழுந்தார். இந்த முறை யாரும் சொல்லிவைக்கவில்லை, பழக்கத்தில் எழுந்துவிட்டார். "தலைவரே, எல்லாத்துலயும் எது ரொம்ப டேஞ்சர்?"

சங்கரலிங்கம் தட்டைப் பார்த்தார். பொன்னாடையைக் கழற்றி மடித்து, காலியாக இருந்த அந்த இடத்தில் வைத்தார்.

"போன தடவ பேட்டரின்னு சொன்னேன். அது தப்பு. அந்தக் குட்டி ஒரு பேட்டரியத்தான் முழுங்குச்சு. டாக்டர் எடுத்துட்டாங்க. அது கெடந்து துடிச்சப்போ, இன்னொரு பேட்டரிய எடுத்துத் தட்டுல வச்சு எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னவன் ஒருத்தன் இருக்கான். அவன்தான் ரொம்ப டேஞ்சர். தட்டுக்குள்ள அவன் கொள்ளமாட்டான். அதனாலதான் அவனுக்கு மைக்கக் குடுத்து, தட்டுக்குப் பின்னால நிக்க வச்சிருக்கீங்க."